கேள்வி என்ன, அதைச் சொல்லுங்கள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவில் நான் உறுப்பினர். டாக்டர் இல்லை, மேல்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வு எதுவானாலும் இப்படியொரு குழு சரியென்று சொன்ன பிறகுதான் தொடங்கலாம். 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதில் ஒருவர் துறைக்கு வெளியிலிருந்து வரும் சாமானியராக இருக்க வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். என்னைப் போட்டால் இரண்டு விதியும் ஒரே ஆளில் முடிந்துவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஸ்பைரல் பைண்டிங் போட்ட புரோபோசல்கள் கட்டாக வீட்டுக்கு வந்துவிடும். மருந்துப் பெயர்களில் பாதி எனக்கு வாயில் நுழையாது. நுழைய வேண்டிய அவசியமும் இல்லை என்று போகப்போகத் தெரிந்தது. நான் பார்ப்பது வேறு. இவர்கள் என்ன கேட்கிறார்கள், யாரிடம் கேட்கிறார்கள், எதோடு ஒப்பிடுகிறார்கள், எதை எப்போது அளந்து பதில் சொல்லப்போகிறார்கள்? பத்தாம் வகுப்பில் சில பிள்ளைகள் கேள்வியை அவசரமாகப் படித்துவிட்டு, அழகாக வழி எழுதி, ஒரு கழித்தல் பிசகில்லாமல், கேட்காத கேள்விக்கு விடை கண்டுபிடித்திருப்பார்கள். ஆராய்ச்சியிலும் அது நடக்கிறது. என்ன, அந்தப் பிள்ளையின் விடைத்தாள் என்னோடு போயிற்று; இந்த விடை மறுநாள் பேப்பரில் தலைப்பாக வந்துவிடும்.

குழுவில் பேசுவதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் அடுத்து வருவதை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பி.ஜி. மாணவரின் தீசிஸ். சர்க்கரை நோயாளிகளுக்கு யோகா பலன் தருகிறதா என்பது தலைப்பு. மருத்துவமனை நடத்தும் யோகா வகுப்புக்கு மூன்று மாதம் தவறாமல் வந்தவர்களின் சர்க்கரை அளவையும், வகுப்புக்கே வராதவர்களின் சர்க்கரை அளவையும் ஒப்பிடுவதாகத் திட்டம்.

"தம்பி, விடிகாலையில எந்திரிச்சு ஒரு நாள் விடாம யோகாவுக்கு வர்ற ஆள் மாத்திரையையும் நேரத்துக்குப் போடுவார்ல?"

"போடுவார் மேடம்."

"ராத்திரி பரோட்டாவும் சாப்பிட மாட்டார்."

சிரித்தார்.

"அப்ப சர்க்கரை குறைஞ்சா அது யோகாவாலயா, அந்த ஆளாலயா?"

பதில் வரவில்லை. "முழங்கால் வலின்னு நடுவுல நின்னவங்களை என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றார். அப்படியானால் அவருடைய ஆய்வு கேட்பது 'யோகா பலன் தருமா' என்றில்லை. 'எதையும் விடாமல் செய்கிற சுபாவமும், வலியில்லாத முழங்காலும், காலையில் ஒரு மணி நேரம் ஓய்வும் உள்ளவர்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்குமா' என்று கேட்கிறது. அதற்கு ஆய்வே வேண்டாம். திருப்பி அனுப்பினோம். வகுப்புக்கு அனுப்புகிறவர்கள், அனுப்பாதவர்கள் என்று குலுக்கல் முறையில் பிரித்து, நடுவில் நின்றவரையும் அவர் எந்தப் பக்கம் விழுந்தாரோ அந்தப் பக்கத்துக் கணக்கிலேயே வைப்பதாக எழுதிக்கொண்டு வந்தார்.

மனிதர்களைக் குலுக்கல் போட்டுப் பிரிப்பதா என்று முகம் சுளிப்பவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. வக்கீல் உறுப்பினருக்கு இன்றுவரை அதில் முழு சம்மதம் கிடையாது. அவரிடம் நான் சொல்வது 1948-இல் பிரிட்டனில் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை. காசநோய்க்குக் கிடைத்த முதல் நல்ல மருந்து அது. போரில் நொடித்துப்போயிருந்த பிரிட்டனிடம் அந்த அமெரிக்க மருந்து கொஞ்சம்தான் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வழியில்லை. எப்படியும் சிலருக்குத்தான் கிடைக்கும் என்றால், அந்தச் சிலர் யார் என்பதை டாக்டரின் மனம் முடிவு செய்ய வேண்டாம் என்றார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில். குலுக்கிய எண்களின்படி முடிவை எழுதி உறையில் போட்டு ஒட்டிவைத்தார்கள். நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று உறுதியான பிறகே உறையைப் பிரிப்பார்கள். டாக்டர் கையில் விட்டால் என்ன ஆகும்? பிழைக்கக்கூடிய இளைஞனுக்கு மருந்து போகும், அல்லது சாகக்கிடப்பவருக்குப் போகும். இரண்டிலும் இரக்கம் இருக்கிறது. மருந்தின் பலம் மட்டும் தெரியவராது.

55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து. 52 பேருக்கு, அன்றைய வழக்கப்படி, ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் முதல் பக்கம் 4 பேரும் இரண்டாவது பக்கம் 14 பேரும் இறந்திருந்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எந்தப் படம் யாருடையது என்று தெரியாது. இவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்த ஆய்விலும் நான் அழுத்திக் காட்டுவது 'ஆறு மாதம்' என்ற சொல்லைத்தான். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டிருந்தது. பலருடைய உடம்பில் கிருமி மருந்துக்குப் பழகி, அதை மதிக்காமல் வளரத் தொடங்கியிருந்தது. ஒற்றை மருந்து போதாது, இரண்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அதிலிருந்துதான் வந்தது. ஆறு மாதத்து அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. ஆறு மாதத்துக்கு என்ன நடந்ததோ அதைச் சொன்னது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நல்ல கேள்வி என்றால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் நான் லண்டனைக் காட்டுவதில்லை, சேத்துப்பட்டைக் காட்டுவேன்.

மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். அந்தக் காலத்து வைத்தியம் இதுதான்: காற்றோட்டமான வார்டு, பூரண ஓய்வு, பால், முட்டை, வீட்டாரிடமிருந்து பிரித்து வைப்பது. 1950-களில் இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம் பேர் இருந்தார்கள். படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடக் காணாது. படுக்கைக்குக் காத்திருந்தே போய்ச்சேர்ந்தவர்களின் கதை அந்தத் தலைமுறையில் ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும்.

1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. இன்றைக்கு அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பிரிட்டனிலிருந்து வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் தலைமையேற்க வந்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வியைப் பாருங்கள். 'சானடோரியம் நல்லதா?' என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் படுக்கை கொடுக்க முடியாத ஊரில் அந்தக் கேள்வியால் யாருக்கும் பிரயோஜனமில்லை. 'ஒரே மருந்தை, ஒரே அளவில், ஒரே காலத்துக்கு, ஒருவருக்கு வீட்டில் வைத்தும் இன்னொருவருக்குச் சானடோரியத்தில் வைத்தும் கொடுத்தால், வீட்டில் இருப்பவர் எவ்வளவு பின்தங்குவார்? அவரால் வீட்டிலிருப்பவர்களுக்கு நோய் கூடுதலாகப் பரவுமா?' என்று கேட்டார்கள். எந்தப் பதில் வந்தாலும் அரசாங்கம் அடுத்து என்ன செய்வது என்பது அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து ஏறத்தாழ 190 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப்பேர் வீட்டுக்கு, பாதிப்பேர் சானடோரியத்துக்கு. எல்லாருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகள், ஒரு வருடம். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் நர்சுகளின் கவனிப்பும். வீட்டில் ஒண்டுக் குடித்தனம், இருமல் கொஞ்சம் குறைந்ததும் வேலை. பார்க்கப்போனால் வீட்டுப் பக்கத்துக்கு எல்லாமே எதிராக இருந்தது. வருட முடிவில் சளியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. 1959-இல் முடிவு வெளிவந்தது.

கணக்கு டீச்சர் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். 92-க்கும் 86-க்கும் ஆறு வித்தியாசம். பக்கத்துக்குத் தொண்ணூற்றைந்து பேர் என்று வைத்தால் அது ஆறு பேர்கூட இல்லை. இவ்வளவு சின்ன வேறுபாடு குலுக்கலின் தற்செயலாலேயே வந்துவிடலாம். அதற்காக இரண்டும் சமம் என்று நிரூபணமாகிவிட்டதாகவும் சொல்ல முடியாது. இத்தனை பேரை வைத்து ஆறு விழுக்காட்டு வேறுபாட்டைத் தீர்மானிக்க முடியாது, அவ்வளவுதான். 'வேறுபாடு தெரியவில்லை' என்பதை 'வேறுபாடு இல்லை' என்று எழுதுவதுதான் நான் புரோபோசல்களில் அதிகமாகப் பார்க்கிற கோளாறு. ஆனால் சேத்துப்பட்டின் கேள்விக்கு அந்தத் துல்லியம் தேவைப்படவில்லை. ஆறு விழுக்காடு உண்மையிலேயே குறைவு என்று வைத்துக்கொண்டாலும், லட்சக்கணக்கான பேருக்குக் கிடைக்கும் 86 எங்கே, சில ஆயிரம் பேருக்கு மட்டும் கிடைக்கும் 92 எங்கே? நோயாளிகளைத் தொடர்ந்து ஐந்து ஆண்டு பார்த்தபோதும் வீட்டுப் பக்கம் சோடை போகவில்லை. வீட்டிலிருந்த மற்றவர்களையும் ஐந்து ஆண்டு பார்த்தார்கள். நோயாளியைப் பிரித்து வைத்த குடும்பங்களைவிட, கூடவே வைத்திருந்த குடும்பங்களில் நோய் அதிகமாக வரவில்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் நோய் இன்னதென்று கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே பரவிவிடுகிறது. மருந்து தொடங்கிவிட்டால் தொற்று சீக்கிரம் அடங்கிவிடுகிறது. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இன்னொன்றும் அந்த மையத்தாரிடம் எனக்குப் பிடிக்கும். வீட்டு நோயாளி 'மாத்திரை போட்டேன்' என்றால் அதை அப்படியே எழுதிக்கொள்ளவில்லை. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். கிருமி அடங்காவிட்டால் மருந்துக்குப் பலமில்லையா, மருந்தே உள்ளே போகவில்லையா என்று பிரித்துச் சொல்ல வேண்டுமல்லவா? அப்படிச் சோதித்ததில்தான் மாத்திரையைத் தானாகப் போடச் சொன்னால் பலர் விட்டுவிடுகிறார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. கண் முன்னால் விழுங்கவைக்கும் முறைக்கு அங்கேயே வித்து விழுந்தது.

இந்த ஆய்வின் உள்ளே இன்னொரு சின்ன ஆய்வு. 1961-இல் சி. வி. ராமகிருஷ்ணனும் சகாக்களும் இரு பக்கத்து நோயாளிகளின் சாப்பாட்டையும் ஒப்பிட்டு எழுதினார்கள். சானடோரியக்காரர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் நன்றாக ஏறியது. வீட்டுக்காரர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், எடை குறைவாகவே ஏறியது. ஆனால் கிருமி அடங்குவதில் அதற்கேற்ற வேறுபாடு இல்லை. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது. இதே ஆய்வை எடையை மட்டும் அளந்து நடத்தியிருந்தால் சானடோரியம்தான் வென்றது என்று முடிவாகி, நம் ஊரில் இன்னும் நூறு சானடோரியம் கட்டிக்கொண்டிருப்பார்கள். அளக்கிற பொருளை மாற்றினால் ஜெயித்தவர் மாறிவிடுகிறார். எதை அளக்கப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்குமுன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நாங்கள் அடம்பிடிப்பது இதனால்தான்.

அந்த உணவு ஆய்வின் முடிவு ஊர் சுற்றிய கதை தனி. 'மருந்து ஒழுங்காகப் போட்டால், கிருமி அடங்குவது சாப்பாட்டைப் பொறுத்ததில்லை' என்பது அவர்கள் கண்டது. கைமாறிக் கைமாறி அது 'காசநோய்க்குச் சாப்பாடு முக்கியமில்லை' என்று சுருங்கியது. முதல் வாக்கியத்தில் இருந்த 'மருந்து போட்டால்' காணாமல் போயிற்று. 'கிருமி அடங்குவது' என்பதும் போயிற்று. இதற்குத் திரும்ப வருகிறேன். அதற்கு முன்னால், சுருங்கியதால் இதைவிடப் பெரிய ரகளையான இன்னொரு ஆய்வைச் சொல்லியாக வேண்டும். அதுவும் நம் பக்கத்தில் நடந்ததுதான்.

நம்மில் பெரும்பாலோருக்கு இடது புஜத்தில் ஒரு வட்டத் தழும்பு இருக்கும். பி.சி.ஜி. ஊசி போட்ட இடம். காசநோய்த் தடுப்பூசி. பிரிட்டனில் 1950-களில் பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் சோதித்ததில் அது ஏறத்தாழ 80 விழுக்காடு பாதுகாப்புக் கொடுத்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் சோதித்தபோது ஒப்புக்குத்தான் பலன் தெரிந்தது. இந்தியாவுக்கு எது பொருந்தும்? 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களிலும் ஊர்களிலும், உலகிலேயே மிகப் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. 1971-க்குள் ஏறத்தாழ 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். எது யாருக்கு என்பது குலுக்கல்படி. போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எடுத்து, சளி சேகரித்து, கிருமி தேடினார்கள். ஏழரை ஆண்டு பார்த்த கணக்கு 1979-80-இல் வெளிவந்தது. சளியில் கிருமி தெரியும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் ஊசியின் பலன் பூஜ்யம். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் வந்தது. பெரியவர்களிடம் அப்போதும் பலனில்லை, சிறுவயதில் போட்டுக்கொண்டவர்களிடம் கொஞ்சம் தெரிந்தது.

முதல் முடிவு வந்தபோது 'ஊசியே வீண்' என்றுதான் பேச்சு அடிபட்டது. பிள்ளைக்கு எதற்கு அந்தத் தழும்பு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்ட பாட்டிமார் உண்டு. ஆய்வு மட்டம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆய்வு மட்டமில்லை, முறையைப் பொறுத்தவரை அதில் குறை சொல்ல இடம் குறைவு. பிரிட்டன் ஆய்வும் மட்டமில்லை. இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்டன, வேறு வேறு ஆட்களிடம். திருவள்ளூர்க்காரரின் உடம்பு பிறந்ததிலிருந்தே மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் காசக்கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகளோடு பழகியது. ஊசி புதிதாகக் கற்றுக்கொடுக்க அங்கே அதிகம் இல்லாமல் போயிருக்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். லண்டன் பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஆகவே 'இந்த ஊசி பலன் தருமா' என்று மொட்டையாகக் கேட்டால் அதற்குப் பதிலே கிடையாது. எந்த ஊரில், எந்த வயதில் என்று சேர்த்துக் கேட்டால்தான் உண்டு.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். செங்கல்பட்டு ஆய்வு அளந்தது சளியில் கிருமி வரும் நுரையீரல் நோயை. கைக்குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. மூளைச் சவ்வில் இறங்கலாம், உடம்பு முழுக்கப் பரவலாம், சில வாரத்தில் ஆளைக் கொன்றுவிடலாம். குழந்தையிடம் சளி எடுப்பதும் கடினம். அந்த ஆய்வின் வலையில் அந்த நோய் மாட்டவே மாட்டாது; அதைப் பிடிக்கப் பின்னிய வலையே இல்லை அது. வேறு ஆய்வுகள் தனியாக அந்தக் கேள்வியைக் கேட்டபோது, குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைப் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் செங்கல்பட்டு முடிவைக் கையில் வைத்துக்கொண்டே, குழந்தைகளுக்கு ஊசியை நிறுத்த வேண்டாம் என்றது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு இன்றும் முதல் ஊசிகளில் ஒன்று பி.சி.ஜி.தான்.

இப்போதெல்லாம் ஓர் ஆய்வு என்ன கேட்டது என்பதை அறிய டாக்டரைத் தேடிப் போக வேண்டாம். 2007-இல் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது. 2009 ஜூனிலிருந்து புது மருந்துப் பரிசோதனைகள் அதில் முன்கூட்டியே பதிவாக வேண்டும் என்பது கட்டாயம். யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எத்தனை பேர், என்ன ஒப்பீடு, முதன்மையாக எதை அளக்கப்போகிறோம் என்று ஆய்வுக்காரர் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தது அங்கே அப்படியே இருக்கும். பிறகு வெளியாகும் கட்டுரையில் வேறொன்று முதன்மையாக மாறியிருந்தால், அம்பு விழுந்த இடத்தில் வட்டம் வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மத்தியானத் தூக்கம் வராத நாட்களில் எனக்கு அதுதான் பொழுதுபோக்கு. பேத்தி 'பாட்டி மறுபடியும் டிடெக்டிவ் வேலை பார்க்குது' என்பாள்.

சாப்பாட்டுக் கேள்விக்குத் திரும்புகிறேன். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு வெளிவந்தது. நடத்தியவர்கள் மங்களூரைச் சேர்ந்த டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா. நம் சேத்துப்பட்டு நிறுவனமும் உடன் நின்றது. நடந்த இடம் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்கள். இவர்கள் நோயாளியின் சளியைப் பற்றிக் கேட்கவில்லை. காசநோயாளி வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கு ஒழுங்கான சாப்பாடு கொடுத்தால், அவர்களுக்கு அந்த நோய் வருவது குறையுமா என்று கேட்டார்கள். 2,800 நோயாளிகளின் வீடுகளில் 10,345 பேர். நோயாளிக்கு இரு பக்கமும் உணவுப் பொட்டலம் உண்டு; பட்டினியாகக் கிடக்கும் நோயாளிக்குச் சாப்பாடு மறுப்பதை எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்பாது. வீட்டில் மற்றவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. குலுக்கல் வீடு வீடாக நடக்கவில்லை, வட்டாரம் வட்டாரமாக நடந்தது. பக்கத்து வீட்டுக்கு அரிசி வந்து நம் வீட்டுக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பாதி அரிசி சுவரேறிப் போய்விடும், ஒப்பீடும் கூடவே போய்விடும்.

காசநோய் 39 விழுக்காடு குறைந்தது என்று பேப்பர்களில் வந்தது. சரியான எண்தான். ஆனால் எதில் 39 என்று பார்க்க வேண்டும். கூடுதல் உணவு இல்லாத பக்கம் நூறு பேரில் இரண்டரைப் பேருக்குச் சற்று மேல் நோய் வந்தது. உணவு கிடைத்த பக்கம் ஒன்றே முக்கால் பேருக்குச் சற்றுக் குறைவாக. நூற்றுக்கு ஒரு ஆள்கூட மிச்சமில்லையா என்று உதடு பிதுக்குபவர்கள், நோய் வராமலிருக்கக் கொடுத்தது அரிசியும் பருப்பும் என்பதையும், அதை நாட்டிலுள்ள காசநோய் வீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் என்ன வரும் என்பதையும் யோசிக்கலாம். 39 என்ற எண்ணை மட்டும் கேட்டுத் துள்ளிக் குதிப்பவர்களுக்கும் அதே பெருக்கலைத்தான் சொல்வேன்.

1961-ஐ 2023 பொய்யாக்கிவிட்டது என்று ஒரு சின்ன டாக்டர் என்னிடம் சொன்னார். பொய்யாக்கவில்லை. முன்னது மருந்து சாப்பிடும் நோயாளியின் கிருமியைக் கேட்டது, பின்னது நோயே வராதவரின் உடம்பைக் கேட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் ஒரு இடைஞ்சலும் இல்லை. நடுவில் அறுபது ஆண்டு, சாப்பாடு முக்கியமில்லை என்ற சுருக்கம்தான் பொய்யாக உலவியது. அதை எந்த ஆய்வும் சொல்லவில்லை.

ஜார்க்கண்டின் பதிலைத் தமிழ்நாட்டுக்குத் தூக்கி வரலாமா என்பதில் எனக்கும் வக்கீலுக்கும் டீ நேரத்தில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நோயாளிகளில் பெரும்பாலோர் எலும்பும் தோலுமாக இருந்தவர்கள். இங்கே அரிசி அட்டைக்கு 2011-இலிருந்து அரிசி இலவசம், துவரம் பருப்பு சலுகை விலையில் கிடைக்கிறது. இங்கே காசநோயோடு சர்க்கரையும் சேர்ந்துகொண்டவர்கள் நிறைய; அந்த வீட்டில் இன்னும் 5 கிலோ அரிசியைக் கொண்டுபோய் இறக்குவது நல்லதா என்பதே தனிக் கேள்வி. நம் ஊருக்கு அரிசியைவிட முட்டையையும் பயறையும் வைத்துக் கேட்பதுதான் பொருந்தும் என்பது என் கட்சி.

"அதுக்கு ஒரு தெருவுக்கு முட்டை, ஒரு தெருவுக்கு இல்லைன்னு குலுக்கல் போடணும். அதைத்தானே சொல்ல வர்றீங்க டீச்சர்?" என்றார் வக்கீல்.

"எல்லாத் தெருவுக்கும் உண்டு சார். எந்தத் தெருவுக்கு முதல்ல, எந்தத் தெருவுக்கு ஆறு மாசம் கழிச்சுன்னு மட்டும் குலுக்கலாம். எப்படியும் ஒரே நாள்ல எல்லாத் தெருவுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாதே."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். சரி, எதை அளப்பீங்க? எடையையா, நோயையா?"

நோயைத்தான். ஆனால் நூற்றுக்கு இரண்டு பேருக்கு வருவதை அளக்க, பக்கத்துக்கு நூறு பேர் என்று பி.ஜி. தீசிஸ் கணக்கில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும், இரண்டு வருடமாவது பின்தொடர வேண்டும். டீ டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு புரோபோசலின் பின்னட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். எங்கள் மருத்துவமனையின் ஓ.பி.யை வைத்து ஆகிற காரியமில்லை. இரண்டு மூன்று மாவட்டமாவது சேர வேண்டும்.